இசைத்தாளும் ஒளிநகலும்

தேர்வுக்குப் போகிற மாணவன் வழியில் ஒரு கடையில் நின்று, வேண்டிய பக்கங்களை 'ஜெராக்ஸ்' எடுத்துக்கொண்டு போவது நம் ஊரில் அன்றாடக் காட்சி. அதில் சட்டச் சிக்கல் ஏதேனும் இருக்கக்கூடும் என்று அவனும் நினைப்பதில்லை, கடைக்காரரும் நினைப்பதில்லை. ஆனால் ஒரு வகைத் தேர்வில் மட்டும் அந்த நகலை மாணவன் கையில் கண்டால் தேர்வாளர் புருவத்தை உயர்த்துவார். பியானோ, வயலின், கிடார் முதலிய கருவிகளில் நடைபெறும் மேல்நாட்டு இசைச் செய்முறைத் தேர்வுதான் அது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1988-ஆம் ஆண்டு இயற்றிய பதிப்புரிமைச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 32-ஆவது பிரிவு தேர்வுகளுக்குத் தாராளமான சலுகை ஒன்றை வழங்கியது. வினாக்களைத் தயாரிப்பது, அவற்றை மாணவர்களுக்குத் தெரிவிப்பது, அவர்கள் விடையளிப்பது ஆகியவற்றுக்காகச் செய்யப்படும் எதுவும் பதிப்புரிமையை மீறியதாகாது என்று அது கூறியது. கவிதையை முழுவதும் வினாத்தாளில் அச்சிடலாம்; ஓவியத்தையும் அச்சிடலாம். ஆனால் அதற்கு அடுத்த உட்பிரிவிலேயே ஒரு விலக்கு இருந்தது. தேர்வு எழுதுபவர் ஓர் இசைப்படைப்பை வாசித்துக் காட்டுவதற்காக அதன் ஒளிநகலை எடுப்பதற்கு இச்சலுகை பொருந்தாது! வேறு எந்தக் கலைக்கும் இல்லாத இந்தத் தடை இசைக்கு மட்டும் ஏன் வந்தது?

இதற்கு விடை காண நாம் ஐந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இடையில் இயற்பியலுக்குள்ளும் சற்று நுழைந்து வர வேண்டியிருக்கிறது.

காகிதத்தில் வாழும் இசை

நம் இசை பெரும்பாலும் குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்குச் செல்வது. சுரப்படுத்திய நோட்டுப் புத்தகம் நினைவுக்குத் துணையே தவிர அதுவே பாட்டு ஆகிவிடாது. மேல்நாட்டுச் செவ்வியல் இசையின் அமைப்பு வேறு. அங்கே இசையமைப்பாளர் ஒவ்வொரு சுரத்தின் உயரத்தையும், அது நீடிக்கும் காலத்தையும், உரக்க வாசிக்க வேண்டுமா மெல்ல வாசிக்க வேண்டுமா என்பதையும் ஐந்து கோடுகளின்மேல் குறியீடுகளாக எழுதிவிடுகிறார். வாசிப்பவர் அத்தாளை முன்னே விரித்து வைத்துக்கொண்டு எழுதியபடியே வாசிக்கிறார். எனவே படைப்பை விற்பதென்றால் தாளை விற்பது என்றுதான் பொருள். ஒலிப்பதிவு தோன்றாத காலத்தில் இசையமைப்பாளருக்கும் பதிப்பாளருக்கும் வருவாய் தந்த முக்கியச் சரக்கு இந்தத் தாள்தான்.

இசையை அசையும் எழுத்துக்களைக் கொண்டு அச்சிட்டுப் புகழ்பெற்ற முதல் பதிப்பாளர் வெனிஸ் நகரத்தின் ஒட்டாவியானோ பெட்ருச்சி. அவருடைய முதல் நூல் 1501-இல் வெளிவந்தது. கோடுகளுக்கு ஒருமுறை, சுரக்குறிகளுக்கு ஒருமுறை, எழுத்துக்களுக்கு ஒருமுறை என்று ஒரே தாளைப் பலமுறை அச்சு இயந்திரத்தில் கொடுத்தெடுத்தார். மயிரிழை பிசகினாலும் சுரம் வேறு கோட்டில் உட்கார்ந்துவிடும். இவ்வளவு பாடுபட்டு அச்சிட்டதை அடுத்த தெருக்காரன் படியெடுத்து விற்றால் என்ன செய்வது? அவர் முன்யோசனை உள்ளவர். அச்சிடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1498-இல், இருபது ஆண்டுகளுக்கு வேறு எவரும் அத்தகைய இசை நூல்களை அச்சிடலாகாது என்று வெனிஸ் அரசிடம் தனியுரிமை வாங்கிவிட்டார்.

இங்கிலாந்தில் எலிசபெத் அரசியார் 1575-இல் தாமஸ் டாலிஸ், வில்லியம் பேர்ட் என்னும் இரு இசையமைப்பாளர்களுக்கு 21 ஆண்டுகளுக்கு இத்தகைய உரிமையை வழங்கினார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. இசையை அச்சிடும் உரிமை மட்டுமன்றி, ஐந்து கோடுகள் போட்ட வெறும் தாளை அச்சிட்டு விற்கும் உரிமையும் அவர்கள் இருவருக்கே! கையால் படியெடுக்க விரும்புபவனும் அவர்களிடம்தான் தாள் வாங்க வேண்டும். இத்தனை இருந்தும் வியாபாரம் நடக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் நட்டக்கணக்கைக் காட்டி அரசியாரிடம் மனுக் கொடுத்தார்கள்.

அச்சு வந்த பிறகும் கையால் படியெடுக்கும் தொழில் அழியவில்லை. பிரெஞ்சு அறிஞர் ரூசோ தம் கடைசிக் காலத்தில் இசைத்தாள்களைப் படியெடுத்துத்தான் வயிறு வளர்த்தார்; 1770-களில் பதினோராயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதித் தள்ளியதாக அவரது கணக்கு சொல்கிறது. வியன்னாவில் படியெடுக்கும் எழுத்தர்கள் கேட்ட பிரதியோடு தமக்கென்று ஒன்றையும் இரவோடிரவாக எழுதிக்கொள்வார்கள் என்ற அச்சம் பலருக்கும் இருந்தது. தம் புதிய படைப்புகள் இவ்வாறு களவு போகக்கூடும் என்ற கவலையை மோட்சார்ட் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்திலேயே காணலாம்.

இசைத்தாள் சட்டத்தின் பார்வையில் ஒரு 'நூல்' தானா என்ற கேள்வி லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. பெரிய பாக்கின் கடைசி மகன் ஜொஹான் கிறிஸ்டியன் பாக், தம் அனுமதியின்றித் தம் இசையை அச்சிட்ட லாங்மன் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். எழுத்துக்களால் எழுதப்பட்டாலும் குறியீடுகளால் எழுதப்பட்டாலும் அது எழுத்தே என்று 1777-இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். நூலாசிரியர்களுக்கு 1710-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு அன்றுமுதல் இசையமைப்பாளருக்கும் உறுதியாயிற்று.

தெருவோரத் திருட்டுப் பதிப்புகள்

அக்காலத்தில் இசைப்பக்கம் ஒன்றை உருவாக்குவது எளிய வேலையன்று. ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய உலோகத் தகட்டில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாற்றி, ஒவ்வொரு சுரக்குறியையும் உளியச்சால் அடித்துப் பதிக்க வேண்டும். தேர்ந்த கைவினைஞனுக்கும் ஒரு பக்கம் முடியப் பல மணி நேரம் பிடிக்கும். பதிப்பாளரின் முதலீடு பெரும்பாலும் இந்த வேலைக்கே போயிற்று. தாளுக்கும் மைக்கும் ஆகும் செலவு அற்பம்.

அலோய்ஸ் செனஃபெல்டர் 1796-இல் கண்டறிந்த கல்லச்சு இந்நிலையை அசைத்தது. அவர் முதன்முதலில் அச்சிட்டவற்றுள் இசைத்தாள்களும் இருந்தன. பின்னர் ஒளிப்படக் கலையும் கல்லச்சும் இணைந்தபோது, வேறொருவர் பாடுபட்டுச் செதுக்கிய பக்கத்தைப் படம் பிடித்து அப்படியே அச்சிட வழி பிறந்தது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் தெருக்களில் இரண்டு பென்னிக்குத் திருட்டுப் பதிப்புகள் கூவி விற்கப்பட்டன. கடையிலோ அதே பாட்டுக்கு ஒரு ஷில்லிங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். நடுத்தரக் குடும்பங்களில் பியானோ பரவிவிட்ட காலம் அது. கடைவிலை கட்டுப்படாதவர்கள் தெருவில் வாங்கியதில் வியப்பில்லை. பதிப்பாளர்களின் ஓலம் நாடாளுமன்றத்தை எட்டியது. 1902-லும் 1906-லும் இசைத்தாள்களுக்கென்றே தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. திருட்டுப் பிரதிகளைப் போலீசார் பறிமுதல் செய்யும் நிலை வந்தது. பாட்டுத்தாள் விற்பவனைப் பிடிக்கப் போலீசா என்று கேலி பேசியவர்களும் உண்டு.

கைக்குட்டையும் கந்தகமும்

ஆயினும் இவையெல்லாம் அச்சகம் வைத்திருப்பவனின் திருட்டு. சாதாரண இசை மாணவனிடம் அச்சகம் ஏது? அவன் கையில் அச்சகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் இயற்பியல் படித்த ஓர் அமெரிக்கர்.

செஸ்டர் கார்ல்சன் 1906-இல் சியாட்டில் நகரத்தில் ஒரு முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இருவரும் நோயாளிகள். பள்ளி நாட்களிலேயே குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1930-இல் இயற்பியல் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை கிடைத்தது. காப்புரிமை ஆவணங்களுக்கு ஓயாமல் பிரதிகள் தேவைப்பட்டன. மாலையில் சட்டக் கல்லூரியில் பயின்ற அவருக்குப் புத்தகம் வாங்கப் பணம் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து கையால் படியெடுத்தார். முதுகெலும்பில் வாதநோய் வேறு. ஒரு பொத்தானை அழுத்தினால் பிரதி வந்து விழக் கூடாதா என்ற ஏக்கம் இப்படித்தான் தோன்றியது.

வேதியியல் முறையில் படமெடுப்பதை விட்டுவிட்டு அவர் நிலைமின்னியலின் பக்கம் திரும்பினார். சில பொருள்கள் இருளில் மின்கடத்தாப் பொருள்களாகவும், ஒளி பட்டதும் கடத்திகளாகவும் நடந்துகொள்கின்றன. இவற்றை ஒளிகடத்திகள் என்கிறோம். 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஓர் எளிய அறையில், ஆட்டோ கோர்னே என்ற துணைவருடன் அவர் செய்த சோதனையை நம் கல்லூரி ஆய்வகத்திலும் செய்து பார்க்கலாம். துத்தநாகத் தகடு ஒன்றின்மேல் கந்தகத்தை உருக்கிப் பூசினார்கள். சன்னல் திரையை இழுத்துவிட்டு, பருத்திக் கைக்குட்டையால் கந்தகத்தைத் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் மையால் எழுதிய கண்ணாடித் துண்டைத் தகட்டின்மேல் வைத்து, சில விநாடிகள் விளக்கொளியைப் பாய்ச்சினார்கள்.

என்ன நிகழ்ந்தது? ஒளி பட்ட இடங்களில் கந்தகம் கடத்தியாக மாற, அங்கிருந்த மின்னூட்டம் துத்தநாகத்துக்குள் வழிந்து மறைந்தது. எழுத்துக்களின் நிழல் விழுந்த இடங்களில் மட்டும் மின்னூட்டம் எஞ்சியது. கண்ணுக்குத் தெரியாத மின்னெழுத்துக்கள்! கண்ணாடியை எடுத்துவிட்டு லைக்கோபோடியம் என்னும் நுண்பொடியைத் தூவி, மெல்ல ஊதினார்கள். மின்னூட்டம் இருந்த இடத்தில் மட்டும் பொடி ஒட்டிக்கொண்டது, எழுத்துக்கள் தெரிந்தன. மெழுகுத்தாளை அழுத்தி, சூடாக்கி, பொடியை அதில் பதிய வைத்தார்கள். உலகின் முதல் உலர்நகல் அதுதான். சீவிய சீப்பு காகிதத் துணுக்கைக் கவர்வதாக நாம் ஆறாம் வகுப்பில் படிக்கும் அதே விதி. வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

இதன் அருமை அன்று எவருக்கும் தெரியவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 1944-இல் பேட்டல் ஆய்வு நிறுவனமும், பின்னர் ஹாலாய்டு என்ற சிறிய ஒளிப்படத்தாள் நிறுவனமும் கைகொடுத்தன. கந்தகத்தின் இடத்தில் ஒளியுணர்வு மிகுந்த செலினியம் வந்தது. கைக்குட்டையின் இடத்தில் உயர் மின்னழுத்தக் கம்பி வந்தது. பொடியின் இடத்தில் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டும் மைத்தூள் வந்தது. 1959-இல் வெளிவந்த 'ஜெராக்ஸ் 914' ஏறக்குறைய 294 கிலோகிராம் எடையுள்ளது. சாதாரணத் தாளில் நிமிடத்துக்கு ஏழு பிரதிகள் எடுத்தது. ஒன்பது அங்குல அகலமும் பதினான்கு அங்குல நீளமும் உள்ள தாள்வரை ஏற்கும் என்பதால் அந்த எண். அமெரிக்க இசைத்தாளின் வழக்கமான அளவு ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலம். இசைக்காக அளவெடுத்துச் செய்ததல்ல என்றாலும் பொருத்தம் அமைந்துவிட்டது.

நாற்பது பேர் பாட ஒரு தாள்

அதுவரை இசைக்காரர்களுக்கு நகலெடுக்கும் வழி அறவே இல்லை என்பதில்லை. இசையமைப்பாளர்கள் ஒளி ஊடுருவும் தாளில் எழுதி, அம்மோனியா நாற்றம் வீசும் 'ஓசலிட்' முறையில் படிகள் எடுத்துவந்தனர். பள்ளிகளில் கைச்சுற்று நகலி இருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பள்ளி இசையாசிரியர் ஒரு பக்திப் பாடலைத் தம் பாடகர் குழுவுக்கு ஏற்ப மாற்றியமைத்து, பள்ளி இயந்திரத்தில் 48 பிரதிகள் எடுத்தார். லாப நோக்கம் சிறிதும் இல்லை. ஆயினும் 1962-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது பதிப்புரிமை மீறலே என்று தீர்ப்பளித்தது.

ஒளிநகல் இயந்திரம் மூலைக்கு மூலை வந்த பிறகு இத்தகைய ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். பாடநூலில் ஓர் அத்தியாயத்தை நகலெடுப்பவன் பிறகு முழு நூலையும் வாங்கக்கூடும். இசைத்தாளில் அப்படியில்லை. தேர்வுக்குரிய பியானோத் துண்டு ஒன்று இரண்டு, மூன்று பக்கங்களே இருக்கும். நூலில் 'சிறு பகுதியை' நகலெடுக்கலாம் என்ற சலுகை இங்கே வந்தால் படைப்பு முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. நகல் அசலின் வேலையை மிச்சமின்றிச் செய்கிறது. நாற்பது பேர் கொண்ட குழுவுக்கு ஒரே தாள் விற்பனையானால் போதும். புதிய இசையமைப்பாளரின் படைப்பு சில நூறு பிரதிகளே விற்கும் என்னும்போது அவருக்கு இது சோற்றுப் பிரச்சினையே.

ஆகவே நாடுகள் இசைத்தாளைத் தனியே பிரித்து வேலி போட்டன. அமெரிக்காவில் 1976-இல் பதிப்பாளரும் இசையாசிரியர் சங்கங்களும் ஒப்புக்கொண்ட வழிகாட்டு நெறிகள், நிகழ்ச்சிக்காக நகலெடுப்பதைத் தடுத்தன. வாங்கிய பிரதி நெருக்கடியில் கிடைக்காமற் போனால் நகலெடுக்கலாம்; பின்னர் அசலை வாங்கி அதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். ஜெர்மனி 1985-இல் செய்த திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. இசைத்தாளை உரிமையாளரின் இசைவின்றி நகலெடுக்கக் கூடாது, ஆனால் கையால் எழுதிப் படியெடுத்தால் அத்தடை இல்லை! எட்டுப் பக்கங்களைக் கையால் எழுதுகிறவன் அந்த இசையை எந்த ஆசிரியரும் கற்றுத்தர முடியாத அளவுக்குக் கற்றுவிடுவான். சட்டம் அதை நினைத்து எழுதப்படவில்லை என்பது வேறு செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை ஆணையும் காகித நகல்களுக்குச் சலுகை அளிக்கையில் இசைத்தாளை மட்டும் விலக்கியே வைத்தது. நாம் தொடக்கத்தில் கண்ட 1988-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் உட்பிரிவு இவ்வரிசையில் ஒன்று.

தேர்வு அறையில்

இனி தேர்வு அறைக்கு வருவோம். லண்டனின் டிரினிட்டி இசைக் கல்லூரி 1877 முதல் வெளி மாணவர்களுக்குத் தேர்வு நடத்தியது. இரு அரச இசைக் கல்லூரிகள் சேர்ந்து 1889-இல் இன்னொரு தேர்வுக் குழுவை அமைத்தன. இவ்விரு மரபுகளின் தேர்வுகளும் உலகின் பல நாடுகளில் நடக்கின்றன. நம் சென்னையிலும் நடக்கின்றன. இசையமைப்பாளர் இளையராஜா டிரினிட்டித் தேர்வில் கிடாருக்குத் தங்கப்பதக்கம் பெற்றவர் என்பது வாசகர் பலரும் அறிந்ததே.

இத்தேர்வுகளின் விதிகள் சொல்வது இதுதான்: மாணவர் வாசிப்பது விலைக்கு வாங்கிய அசல் பிரதியாகவோ, உரிய முறையில் பணம் கட்டிப் பெற்ற மின்பிரதியாகவோ இருக்க வேண்டும். ஒரே ஒரு நடைமுறை விலக்கு உண்டு. இரு கைகளும் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கம் திருப்ப முடியாத இடத்தில், அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து அருகில் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் இசைப் பதிப்பாளர் சங்கம் 1992-இல் திருத்தி வெளியிட்ட நன்னடத்தை நெறியும் இதை ஒப்புக்கொள்கிறது. தேர்வாளர் பின்தொடர்ந்து பார்ப்பதற்கென்று தரப்படும் நகல்கள் தேர்வு முடிந்ததும் அழிக்கப்படுகின்றன.

இங்கே மாணவன் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். பீத்தோவன் 1827-இலேயே இறந்துவிட்டார். அவருடைய படைப்புக்கு இன்று எவர் உரிமை கொண்டாட முடியும்? படைப்புக்கு எவருமில்லை, ஆனால் அச்சிட்ட பக்கத்துக்கு உண்டு. பிரிட்டனின் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பக்க அமைப்புக்கென்று 25 ஆண்டுகள் தனிப் பாதுகாப்பு அளித்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. கோடு போட்டு, இடைவெளி பார்த்து, விரல் எண்களை அடுக்கிய உழைப்புக்கான உரிமை அது. உளியால் அடித்த காலத்தில் இதில் பொருள் இருந்தது; கணினி அவ்வேலையை மிக எளிதாக்கிவிட்ட இன்று 25 ஆண்டு அதிகம் என்பது என் கருத்து. வாழும் இசையமைப்பாளருக்கு உரிய பாதுகாப்பையும் இதையும் ஒரே தராசில் வைப்பது சரியாகத் தோன்றவில்லை. மூன்று துண்டுகளுக்காக மூன்று வெளிநாட்டுப் புத்தகங்கள் வாங்க வேண்டியிருக்கும் மாணவனின் தந்தை, தேர்வுக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்.

உரிமைக்காலம் முடிந்த இசைத்தாள்களை எவரும் இலவசமாகப் பெற, எட்வர்ட் குவோ என்ற மாணவர் 2006-இல் கணினி வலையில் ஒரு நூலகம் தொடங்கினார். 2007-இல் ஆஸ்திரியப் பதிப்பாளர் ஒருவரின் வழக்கறிஞர் கடிதத்தால் அது மூடப்பட்டது. 2008-இல் மீண்டும் திறந்தது. ஒரு நாட்டில் முடிந்த உரிமைக்காலம் இன்னொரு நாட்டில் முடியாததே தகராறுக்குக் காரணம்.

பிரிட்டனில் 32-ஆவது பிரிவு 2014-இல் முழுவதும் மாற்றி எழுதப்பட்டது. இசை ஒளிநகலைக் குறித்த தனித்தடை மறைந்தது. கற்பித்தலுக்காகச் செய்யும் பயன்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற பொது அளவுகோல் அதன் இடத்துக்கு வந்தது; தேர்வும் கற்பித்தலில் அடங்கும். வாங்கக் கிடைக்கும் ஒரு படைப்பை வாங்காமல் முழுவதும் நகலெடுப்பது நியாயமா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆசிரியரும் மாணவரும் பாடத்தின்போது எடுக்கும் பிரதிகளுக்கும், தேர்வு வினா விடைகளுக்கும் சலுகை உண்டு; இசை அதில் விலக்கப்படவில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒளிநகல் கடையின்மேல் பெரும் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில், 2016-இல் தில்லி உயர்நீதிமன்றம் அச்சலுகைக்கு விரிந்த பொருள் கொடுத்தது. எனினும் அயல்நாட்டுக் குழுவின் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவன் அக்குழுவின் விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டே விண்ணப்பிக்கிறான். ஆகவே சென்னையில் பியானோவின் முன் உட்காரும் சிறுமியின் எதிரில் விலைக்கு வாங்கிய புத்தகம் இருக்கிறது. அதன் மூன்றாம் பக்கத்தை ஒட்டி, பக்கம் திருப்ப வழியில்லாத இடத்துக்காக, ஒரே ஓர் ஒளிநகல் தாளும் இருக்கிறது.